அரூரில் மட்டும் படிக்காதே

கம்பைநல்லூர்,
12.1.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

நலம். மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிறது, அதனால்தான் கடிதம்.

கவிதைப் புத்தகத்துக்கு விருது வாங்கியதிலிருந்து சேலம், மதுரை, பெங்களூர் என்று மேடை மேடையாகப் போகிறாய். எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கே போனாலும் அதிலுள்ள 'போகி' கவிதையைப் படிக்கச் சொல்கிறார்கள், நீயும் படிக்கிறாய். பெண்டாட்டியின் கவிதை நோட்டைப் போகித் தீயில் போட்ட புருஷன் நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நேற்று டீக்கடையில் சென்னப்பன், "ஏன் குப்புராஜு, நாளன்னைக்குப் போகியாச்சே, இந்த வருசம் எந்த நோட்டு?" என்றான். கடையே சிரித்தது.

நம் பிரியாவின் பழைய பள்ளி நோட்டுகளோடு அதுவும் கிடந்தது. தெரியாமல்தான் போட்டேன். உனக்கே தெரியும்.

பிப்ரவரி 9 அரூரில் உனக்குப் பாராட்டு விழாவாம். சொந்தபந்தம் எல்லாம் வரும். அங்கே மட்டும் அதைப் படிக்காதே. படித்தால் இனி சென்னையிலிருந்து லீவுக்குக்கூட நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

குப்புராஜ்

சென்னை,
20.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபத்திலும் மரவள்ளியில் ஆரம்பித்தீர்களே, அதுதான் நீங்கள்.

படிப்பேன். அரூரில் முதல் கவிதையே அதுதான்.

வேண்டுமென்றே எரித்தீர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. நான்கு வருஷம் உங்கள் கண்ணெதிரே அந்த நோட்டில் எழுதினேன். "என்ன எழுதுற?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால், தீயில் போடும் முன் அட்டையைப் பார்த்தாவது நிறுத்தியிருப்பீர்கள். தெரியாமல் எரித்தீர்களே, அதுதான் மாமா என் வருத்தம். அறுபத்தொரு கவிதை போயிற்று.

புத்தகம் அனுப்பி ஒரு வருஷமாகிறது. பிரித்தீர்களா? சென்னப்பன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நான் எழுதியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வராதே என்றால் வரவில்லை. கவிதையை விட மாட்டேன்.

கோகிலவாணி

கம்பைநல்லூர்,
1.2.2025

கோகிலாவுக்கு,

புத்தகம் தபால் உறையோடு அப்படியே இருந்தது. இப்போதுதான் பிரித்தேன். எனக்குப் பழக்கமில்லை, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தரம் படிக்க வேண்டியிருக்கிறது.

நீ கத்தியதும் நோட்டை எடுக்க நான் வெறுங்கையைத் தீயில் விட்டதையும் 'போகி'யில் எழுதியிருக்கிறாய். அதை நீ பார்த்தாய் என்றே எனக்குத் தெரியாது. சென்னப்பனும் அதைச் சொல்லவில்லை.

அரூரில் படி. நான் வருவேனா தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

குப்புராஜ்

சென்னை,
11.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் உங்களிடம் நின்று பேச முடியவில்லை.

ஐந்தாவது வரிசையில் உங்களைப் பார்த்த பிறகுதான் 'போகி'யை எடுத்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் நீங்கள் எழுந்து மைக்கைக் கேட்டீர்களே, நியாயம் கேட்கப் போகிறீர்கள் என்றே நினைத்தேன்.

"முப்பத்தி நாலாம் பக்கத்துல இருக்கிறது எனக்குப் புரியலைங்க. அதப் படிச்சுக் காட்டுங்க."

என்னைப் போய் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதற்குப் பிரியா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. இத்தனை மேடை ஏறியிருக்கிறேன். வேறொரு கவிதையைப் படிக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

கோகிலா