இரண்டு டி உள்ள அம்பிட்டிய

நாம் இருவரும் போட்ட நெட்வொர்க்கை உன் மகன் தான் போட்டதாகச் சொல்லிவிட்டான். உன் கருமாதி அன்று, உன் வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான். மறுத்துப் பேச நீ இல்லை. அதனால் நான் எழுதுகிறேன், தங்கச்சி.

அந்தப் பச்சை ஹோஸில்தான் பேச்சு ஆரம்பித்தது. மழை விட்டு வெயில் ஏறினால் அதிலிருந்து ஒரு ரப்பர் வாடை வருமே, அன்றும் வந்தது. புசல்லாவைச் சித்தப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னடா இது, தண்ணிக் குழாய் பலாமரத்துல ஏறிப் போகுது?" என்று கேட்டார்.

"தண்ணி இல்ல தாத்தா, உள்ளுக்கு கேபிள் போகுது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நான் போட்டுக் குடுத்த நெட்வொர்க். இனி எதுக்கு, நாளைக்குக் கழட்டிடுவோம்."

சித்தப்பா மெச்சித் தலையாட்டினார். நான் சோற்றைத் தள்ளி வைத்தேன்.

அவன் கொடுத்தது ரூட்டர் மட்டும்தானே? பொங்கலுக்கு வந்தவன் அதைப் பெட்டியோடு உன் கையில் வைத்து, "அடுத்த முறை வந்து போட்டுத் தர்றேம்மா" என்று கொழும்புக்குப் போய்விட்டான். பெட்டி உன் அலுமாரி மேல் கிடந்தது. உன்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கான கணக்கு வினாத்தாளை நீ கீழ் வீட்டில் தட்டச்சு செய்வாய். பிரிண்டர் மேல் வீட்டில், என்னிடம். பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு பாசி பிடித்த படிகளில் ஏறி வருவாய். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தாய். உன் முழங்கால் வீங்கியது, பென் டிரைவ் படியோரக் கானில் விழுந்து மழைத்தண்ணியோடு போனது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், நாமே போடுவோம் என்று அன்று நான்தான் சொன்னேன்.

கேபிள் வாங்க அக்குறணைக்குப் போனோம். கடைக்கார நானா நம் நரைமுடியைப் பார்த்துவிட்டு, "வயர் இழுக்கிற பாஸ் வரல்லையா?" என்று கேட்டார். நீ என்னைக் கைகாட்டி, "இந்தா நிக்கிறாங்களே எங்க அக்கா, இவங்கதான் பாஸ்" என்றாய். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது உண்மைதானே.

இணையத்தில் வீடியோ பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கற்றுக்கொண்டோம். கேபிள் முனையில் கம்பிகளை நிற வரிசையில் அடுக்கி அழுத்தியது என் கை. அணில் கடிக்காமலிருக்கக் கேபிளைப் பழைய ஹோஸுக்குள் நுழைத்து மரத்தோடு கட்டியது உன் யோசனை. என் கம்ப்யூட்டருக்கு மேல்வீடு என்றும் உன்னுடையதற்குக் கீழ்வீடு என்றும் பெயர் வைத்தோம். இரண்டும் ஒரே குழுவில் இருக்க, குழுவுக்கும் ஒரு பெயர் வேண்டுமாம். நம் ஊர்ப் பெயரையே கொடுத்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. மேல்வீட்டின் பட்டியலில் மேல்வீடு மட்டும், கீழ்வீட்டின் பட்டியலில் கீழ்வீடு மட்டும். முனையை வெட்டித் திரும்ப அழுத்தினேன். நீ ஹோஸைக் குற்றம் சொன்னாய், நான் உன் பழைய கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னேன். ஒரு கிழமை முழுதும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கீழேயிருந்து நீ கத்தினாய்: "அக்கா! நீ இருக்கிற ஊரு வேற, நான் இருக்கிற ஊரு வேற!"

குழுவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, நீ பஸ் பலகையில் இருக்கிறபடி ஒரு டி போட்டிருந்தாய். நான் வாயால் சொல்கிறபடி இரண்டு டி போட்டிருந்தேன்.

"பலகையைப் பாருக்கா. ஊருக்கே ஒரு டி."

"அம்பிட்டியன்னு சொல்லிப் பாரு. நாக்கு எப்படி அழுத்துது? பலகை எழுதினவன் பிழையா எழுதினா நானும் எழுதணுமா?"

"அரசாங்கக் கந்தோர்க் கடிதாசியில எல்லாம் ஒரு டி தான்."

"அப்ப கந்தோரோட போய் நெட்வொர்க் போடு."

நீ சிரித்துவிட்டாய். "சரி விடு. உன் ஊருக்கே நான் குடி வர்றேன்." உன்னுடையதை மாற்றி எழுதினாய். என் திரையில் மேல்வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்வீடு வந்து நின்றது. உன் போல்டரைத் திறந்து முதல் வினாத்தாளை அச்சடித்தேன். நான் ஜன்னலில் காட்டிய தாளுக்கு நீ முற்றத்தில் நின்று கைதட்டினாய். எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை, அந்தக் கைதட்டல் போதும்.

ஆகவே கருமாதிச் சாப்பாட்டின்போது எழுந்துபோய் உன் மகனிடம் கேட்டேன்.

"தம்பி, நீ போட்டதுன்னா குழுவுக்கு என்ன பேரு வச்ச?"

"ஊர்ப் பேருதான் பெரியம்மா, அம்மா சொல்லியிருக்காங்க."

"இங்கிலீஷ்ல எழுது."

எழுதினான். ஒரு டி. அவனை உன் அறைக்கு அழைத்துப்போய்த் திரையில் இருந்த இரண்டு டியைக் காட்டினேன். சித்தப்பா கை கழுவாமலே பின்னால் வந்தார்.

"இது ஸ்பெல்லிங் பிழை. நான் திருத்திடறேன்."

"கை வைக்காதே. இது நானும் உங்கம்மாவும் சண்டை பிடிச்சு வச்ச பேரு."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நான் ரூட்டரைத்தான் குடுத்தேன், பெரியம்மா" என்றான் மெதுவாக. "வினாத்தாள் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுத் தரவா?"

"பென் டிரைவா! அது கானோட போனதாலதானே இவ்வளவும்."

உன்னிடம் படித்த பிள்ளைகள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். பரீட்சை வருகிறது, அவர்களுக்கு உன் தாள்கள்தான் வேண்டும். அவை உன் மேசையிலிருந்தே வர வேண்டும்.

இனி நடக்க வேண்டியது இது. உன் மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னதை, உன் திவசத்தன்று அதே முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிப் போனாலும் உன் அறையின் கரண்டை நிறுத்தக் கூடாது. சாவி என்னிடம் இருக்க வேண்டும். பலாக்காய் வெட்ட வருகிறவர் ஹோஸ் கட்டிய கொப்பில் கத்தி வைக்கக் கூடாது. புசல்லாவைச் சித்தப்பா, தான் தலையாட்டிய விஷயம் தப்பு என்று ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது டியை ஒருவரும் தொடக் கூடாது.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் என் கம்ப்யூட்டரைத் திறந்து, மேல்வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்வீடு இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்க வேண்டும். நீ என் ஊருக்குக் குடி வந்தவள்.