இரண்டு இரவு, ஒரு பகல்

மாசி 3, செவ்வாய்

பனி. றோட்டில் நெல் காயப் போட்டது. நெல் வாங்க நசீர் வந்தார். முல்லைத்தீவு ஆள். மனைவியின் கண்ணுக்கு மருந்து பார்க்கச் சென்னை போய் வந்தவராம். எவ்வளவு நேரம் என்று சும்மா கேட்டேன்.

"பலாலியில பிளேன் ஏறினா ஒண்டேகால் மணித்தியாலம், ஐயா. தேத்தண்ணி குடிச்சு முடிக்கேல்லை, இறங்கப்போறம் எண்டிட்டாங்கள்."

இங்கேயிருந்து வவுனியாவுக்கு பஸ் அதைவிடக் கூட நேரம் என்று மருமகள் குசினியில் இருந்து சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நெல் கிளறப் போய்விட்டேன்.

சென்னையில் இருக்கிற அக்காவுக்கு நான் சொன்னது இரண்டு இரவு, ஒரு பகல்.

மாசி 4, புதன்

முழங்கால் நோ. எண்ணெய் முடிந்தது.

அக்கா சண்டைக்குள் வள்ளத்தில் போனவா. முப்பது வருசத்துக்கு மேல் சென்னையில். இப்போது படுக்கை. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டு என்று பொங்கலன்று போனில் கேட்டா. உடனே வெளிக்கிடப் பார்க்கிறேன், ஆனால் இரண்டு இரவு ஒரு பகல் பயணம் என்றேன்.

கணக்குப் பிழை இல்லை. சின்னனில் அப்பு எங்கள் இரண்டு பேரையும் கோயில் பார்க்கக் கூட்டிப் போனார். தலைமன்னாருக்கு ரயில், ஒரு இரவு. பகல் கப்பல். இராமேஸ்வரத்தில் இருந்து மதராஸ், இன்னொரு இரவு. கப்பல் ஆட்டத்தில் அக்காவுக்குச் சத்தி. தேசிக்காய் மணக்கக் கொடுத்தது நான். அவாவின் சட்டையில் பச்சைக் கோடு.

எல்லாம் ஞாபகம். அந்தக் கப்பல் ஓட்டம் நின்றதும் ஞாபகம்.

மாசி 5, வியாழன்

ஒருத்தரும் பார்க்காத கொப்பி. எழுதலாம்.

பொங்கல் முடிந்து பாஸ்போட் எடுக்க வவுனியாக் கந்தோருக்குப் போனேன். தனிய. படிவம் தந்தார்கள். இங்கிலிசில் நிரப்ப வேண்டுமாம். நான் பள்ளிக்கூடம் போகாதவன். தமிழ் எழுத்தே அகதி முகாமில் பக்கத்துக் கூடார ரீச்சர் காட்டித் தந்தது. பின்னால் வரிசை. எழுதித் தாங்கோ என்று கேட்க வாய் வரவில்லை. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று படிவம் தந்த பிள்ளையிடம் சொல்லித் திரும்பினேன்.

கண்ணாடி சட்டைப் பையில். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் கந்தோர் பூட்டு என்றேன். பிறகு போனில் அக்காவுக்கு, தூரம் கூட, காலுக்கு ஏலாது என்றேன். எழுபத்தெட்டு வயதில் மூன்று பொய்.

மாசி 6, வெள்ளி

தூறல். நெல்லை அள்ளி மூடினோம்.

அக்காவின் மகள் போன் எடுத்தாள். சாப்பாடு இறங்குதில்லையாம். போனை அக்காவின் காதில் வைத்தாள். ஒன்றேகால் மணித்தியாலம்தானாம் அக்கா என்றேன்.

"உது எனக்கு எப்பவோ தெரியும், தம்பி. எண்டாலும் உன்ர கணக்கையே வைச்சுப் பாத்தனான். பொங்கல் கழிஞ்சு மூண்டாம் நாள் காலமை, மகளைக் கொண்டு சீப்பால தலை இழுப்பிச்சு, கதிரையில இருந்தனான்."

எவ்வளவு நேரம் இருந்தா என்று கேட்கவில்லை.

கண்ணாடிக் கதையைச் சொன்னேன்.

"ஆரையும் எழுதித் தரக் கேளன்ரா" என்றா.

மாசி 9, திங்கள்

வவுனியாவுக்கு முதல் பஸ். மருமகள் துணைக்கு வரவோ என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றேன். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கண்ணாடி.

அதே பிள்ளை. ஆளை மறக்கவில்லை. பின்னால் இன்றைக்கும் வரிசை.

"கண்ணாடி கொண்டு வந்தனீங்களோ, ஐயா?"

"ஓம், பிள்ளை. அண்டைக்கும் கொண்டு வந்தனான்."