பரோலோ மணக்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மன்னாரில் மழை என்று தங்கச்சி ஜூலி சொன்னாள். முற்றத்தில் வழுக்கும், கவனம். நான் சுகம்.

போன கிழமை ஒரு வேடிக்கை. செத்தல் மிளகாய் வறுத்தேன். புகை அலாரம் அலற, கீழ்வீட்டு ஜோசப்பீன் அன்ரி இருமிக்கொண்டே ஓடிவந்தா.

"பிள்ளை, ஆக்களைக் கொல்லப்போறியோ? உனக்கு மூக்கில்லையோ?"

சிரித்துச் சமாளித்தேன். மிளகாய் கருகியதே எனக்குத் தெரியவில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான்.

வைன் பழுதா என்று மணந்து பார்ப்பதுதானே என் வேலை. இப்போது வந்திருப்பது பரோலோ. வட இத்தாலியில், பனிமூட்டம் படியும் குன்றுகளில் விளையும் திராட்சையின் கனத்த சிவப்பு வைன். ரோசாவும் தாரும் சேர்ந்தாற்போல் மணக்கும். நேற்று நாக்கில் நாவற்பழத் துவர்ப்பு மட்டுமே தெரிந்தது.

"எப்பிடி அக்கா?" என்றான் கூட வேலைசெய்யும் றிச்சர்ட்.

"நல்லம்."

அவன் மணந்து பார்த்தான். "நனைஞ்ச காட்போட் மட்டை மாதிரி நாறுது, பழுதான போத்தல். உங்களுக்குத் தடிமனோ, மூக்கடைச்சிருக்கோ?"

"ஓம், தடிமன்" என்றேன். திங்கட்கிழமை மீதிப் பெட்டிகளை நான் தனியாகப் பார்க்க வேண்டும்.

பழகிய மணங்களைத் தினமும் முகர்ந்தால் நரம்பு தேறக்கூடும் என்கிறார் டொக்டர். எனக்கு நம்பிக்கை குறைவு. கராம்பு, கோப்பி இரண்டும் பயன்படவில்லை. நீங்கள் உடுத்த சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அதுவும் மணக்காவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
றெஜினா