பண்ணைப் பாலத்தில் காற்று மறைந்த கணம்

ரீச்சர்,

தலைக்கவசத்தின் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலமாகிறது. தேநீர் ஆறிப்போய்விட்டது. ஆனால் இதை உங்களுக்கு எழுதாமல் என்னால் உடுப்புக்கூட மாற்ற முடியாது. கையில் அகப்பட்ட தாளில் எழுதுகிறேன். இன்றைக்குப் பண்ணைப் பாலத்தை நான் தனியாக ஸ்கூட்டியில் கடந்தேன். போகும்போதும் வரும்போதும்.

நம்பமாட்டீர்கள். பதினொரு வருடம் உங்கள் ஸ்கூட்டியின் பின்சீற்றில் இருந்தே தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவள் நான். நீங்கள் மனையியல், நான் விஞ்ஞானம். அவ்வளவு காலத்திலும் ஒருவரையொருவர் ‘ரீச்சர்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைத்ததில்லை. உங்கள் பெயரை அஞ்சலிப் பதாகையில் பார்த்தபோது யாரோ வேறொருவர் என்றே ஒரு நொடி நினைத்தேன்.

நாம் விழுந்த நாளை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பாலத்தில் ஏறினேன். அதுவும் சோளக காலம். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வருகிறோம், வலப்பக்கக் கடலிலிருந்து காற்று ஓயாமல் தள்ளுகிறது. நீங்கள் வழக்கம்போல வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். விஞ்ஞான ரீச்சர் சும்மா இருப்பாளா? காற்றை எதிர்த்துச் சாயத்தானே வேண்டும் என்று நான் உங்களைவிட இரண்டு பங்கு சாய்ந்திருந்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அது நம்மைத் தொடவே இல்லை. ஆனால் பக்கத்தில் வந்ததும் ஸ்கூட்டி வலப்பக்கம் வெட்டியது. பஸ்ஸின் வால் கடந்ததுதான் தாமதம், நாம் நடுவீதியில் கிடந்தோம். என் பையிலிருந்த பயிற்சிக் கொப்பிகள் பறந்தன. உங்கள் சாப்பாட்டுப் பெட்டி உருண்டு கடலுக்குள் போனது.

முழங்காலில் இரத்தம் வடிய வடிய நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: “ரீச்சர், காத்து எங்களை இடப்பக்கம்தானே தள்ளிக்கொண்டு வந்தது? பிறகென்னெண்டு வலப்பக்கம் விழுந்தனாங்கள்?”

“பஸ் இழுத்திருக்கும்” என்று முணுமுணுத்தேன்.

“பஸ் என்ன காந்தமே? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள்தானே விஞ்ஞான ரீச்சர்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. சிராய்த்த முழங்கையைவிட அதுதான் எரிந்தது. ‘விசை எந்தத் திசையிலோ, பொருளும் அந்தத் திசையிலேயே செல்லும்’ என்று அந்தக் கிழமைதான் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் நாம் இடப்பக்கக் கடலுக்குள் அல்லவா போயிருக்க வேண்டும்? அதுவரை நேராகத்தான் எப்படிப் போனோம்?

அடுத்த நாள் உங்கள் மனையியல் அறையில், ரொட்டி குழைத்த மேசையில் சிந்திக்கிடந்த மாவில் விரலால் அம்புக்குறி போட்டுப் பார்த்தோம். காற்றுக்கு ஒன்று, இடப்பக்கம். நாம் சாய்ந்து போவதால் தரை சக்கரத்தைத் தள்ளுவதற்கு ஒன்று, வலப்பக்கம். இரண்டும் சமன், அதனால் வண்டி போன திசையிலேயே நேராகப் போகிறது. பஸ் வந்து காற்றை மறைக்கிறது. காற்றின் அம்புக்குறியை நான் உள்ளங்கையால் அழித்தேன். மேசையில் வலப்பக்க அம்பு மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்தீர்கள். “அப்ப எங்களை விழுத்தினது பஸ்ஸும் இல்லை, காத்தும் இல்லை. காத்து இல்லாமல் போனதுதான்.”

நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் சமன்பாடாகப் படித்ததுதான். அன்றைக்குத்தான் அது என் முழங்கைக்குப் புரிந்தது. போகும் திசை வேறு, தள்ளும் திசை வேறு. விசை பொருளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அது போகிற போக்கைத் தன் பக்கம் மாற்றுகிறது, அவ்வளவுதான். நேரே வகுப்புக்குப் போய்ப் பழைய வசனத்தைப் பிள்ளைகளின் கொப்பிகளில் வெட்டச் சொன்னேன்.

“அப்ப இவ்வளவு காலமும் பிழையாத்தான் படிப்பிச்சனீங்களோ?” என்று கேட்டீர்கள்.

“ஓம்” என்றேன். அதற்குச் சிரித்த சிரிப்பு உங்களுக்கு வீடு வரை அடங்கவில்லை.

அதன்பிறகு நமக்குள் ஓர் ஒழுங்கு வந்தது. எதிரே பார்ப்பது என் வேலை. தூரத்தில் கண்டதும் “பஸ்” என்பேன். “ஓம்” என்பீர்கள். இருவரும் சாய்வைத் தளர்த்துவோம். பஸ் கடந்ததும் காற்று திரும்ப அறையும், திரும்பச் சாய்வோம். அதன்பின் ஒருநாளும் விழவில்லை.

மாசியில் நீங்கள் போனீர்கள். ஆறு கிழமை வருத்தமாய்ப் படுக்கையில், அவ்வளவுதான். ரீச்சர், அந்த மாவில் மிஞ்சிய அம்புதான் நான். நீங்கள் இல்லாமல் போனதும் சாய்ந்திருந்த பக்கமே சாய்ந்து விழுந்தேன். பஸ்ஸில் போய் முதலாம் பாடத்தைத் தினமும் தவறவிட்டேன். ஸ்கூட்டி வாங்கிச் சண்டிலிப்பாய் ஊரின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஓட்டிப் பழகினேன். ஆனால் அங்கே வேலியும் பனையும் காற்றை மறைத்துவிடும். பாலத்தடிக்கு மூன்று தரம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தேன். பள்ளிக்கூட அதிபர் இடமாற்ற விண்ணப்பத்தை நீட்டி, “கஷ்டமெண்டால் ரவுண் பக்கப் பள்ளிக்கூடம் கேளுங்கோ ரீச்சர், நான் மறிக்கமாட்டன். ஆனா உங்கடை இடத்துக்கு ஆரும் வரமாட்டினம்” என்றார். நாளைக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் மிச்சம்.

கொடுப்பதற்கு முன் ஒருதரம் என்றுதான் காலையில் ஏறினேன். போகும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வரும். வலப்பக்கத்தால் எதிரே வரும் பஸ் அதை மறைக்காது, அதனால் போய்ச் சேர்ந்துவிட்டேன். பயம் முழுவதும் பின்னேரத்துக்குத்தான். பாதிப் பாலத்தில், காற்றில் நன்றாகச் சாய்ந்து வந்துகொண்டிருக்கும்போது, தூரத்தில் கண்டேன்.

“பஸ்” என்றேன், சத்தமாக.

பதில் வரவேண்டிய இடம் ஒரு கணம் வெறுமையாகக் கிடந்தது. பஸ் கிட்ட வந்துவிட்டது.

“ஓம்” என்றேன், நானே.

சாய்வைத் தளர்த்தினேன். காற்று நின்றது. ஸ்கூட்டி நிமிர்ந்து கோடு போட்டதுபோல நேராகப் போனது. பிறகு காற்று அறைந்தது, சாய்ந்துகொண்டேன். தலைக்கவசத்துக்குள் சிரித்தேனா அழுதேனா தெரியாது. பாலம் முடிந்து கோட்டை வரும்வரை இரண்டும்தான்.

நாளைக்குத் தரம் பத்துக்கு விசைப் பாடம். மேசையும் மாவும் உங்கள் அறையில் கேட்டு வைத்திருக்கிறேன். பஸ்ஸைப் பார்த்துச் சொல்லுகிற வேலையும் என்னிடம்தான் இருக்கிறது, உங்களுடைய ‘ஓம்’ என்கிற வேலையும் இனி என்னிடம்தான்.

தாள் முடிகிறது, ரீச்சர். திருப்பி மற்றப் பக்கத்தில் எழுத முடியாது. அங்கே அந்த விண்ணப்பம் இருக்கிறது.