திருந்திய மனிதர்

ஐப்பசி, வியாழன் இரவு.

கல்லூரியில் எங்கள் ‘குற்றம், நீதி, மீட்சி’ வாசிப்புக் குழுவில் பேச இன்று கன்னியப்பன் அண்ணன் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். கொலை வழக்கில் பல வருடம் ஜெயிலில் இருந்தவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு பேனருக்கு நான்தான் வாசகம் எழுதிக் கொடுத்தேன்: ‘திருந்திய மனிதரின் உரை’.

மைக்கைப் பிடித்தவர் திரும்பி அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“இன்னாத்துலேர்ந்து திருந்தனேன்னு போட்டுக்கீறீங்க? அந்தக் கொலைய நான் பண்ணவே இல்லியே. நான் பண்ணலன்னு சொல்லித்தான் அப்பீல்ல வுட்டாங்க.”

குழுவை நடத்தும் மேடம் அவசரமாகச் சால்வையைப் போர்த்திவிட்டார். எங்கள் குழுவின் மூன்று சொற்களில் எதில் அண்ணனை உட்காரவைப்பது என்று மேடத்துக்கும் தெரியவில்லை.

கேட் வரை அண்ணன் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“அந்த பேனர இன்னாமா பண்ணப்போறீங்க? வேணான்னா குடு. ஊடு ஒழுவுது.”

நானே உள்ளே போய்க் கழற்றிச் சுருட்டி, கயிறு கட்டிக் கொடுத்தேன். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் எழுத்து மேலே தெரிகிற மாதிரி விரித்திருந்தால் தெருவே படிக்கும். கவிழ்த்து விரித்திருந்தால், விடிந்ததும் கூரை ஓட்டை வழியாக, படுத்தபடி அவர் மட்டும் படிப்பார்.

எப்படி விரித்தாரோ.