குழாயடிக்குப் போன நீலப் போர்வை

அன்புள்ள ஜெரோமுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே சுகம்தான், அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு முட்டிவலி வழக்கம்போல. அந்தக் கனடாக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று தினமும் ஜெபம் சொல்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுசும் படி.

நம் குழாயடிக்குப் போன மாதம் காலேஜ் பிள்ளைகள் வந்து, 1931 என்று வெட்டியிருக்கிற கல்தொட்டி, சிங்கமுகக் குழாய், துவைக்கிற கல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போனார்கள். பழைய காலத்துச் சின்னமாம். எங்களுக்கென்ன, தண்ணீர் வந்தால் சரி. மேடவாக்கம் வரைக்கும் அபார்ட்மெண்டுக்கெல்லாம் லாரித் தண்ணீர், இங்கே காலை ஆறு மணிக்கே துவைக்கிற ஏழு கல்லிலும் ஆள் நிறைந்துவிடும். நீ வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் மேல் அப்பா பேப்பர் அடுக்குகிறார், கோபிக்காதே. மெஷின் துணியைத் துவைக்கும், தெருவில் யாருக்கு என்ன என்று சொல்லுமா? வெளியூரிலிருந்து பிள்ளை வருகிறதென்றால் அந்தப் பிள்ளையின் போர்வை, தலையணை உறை எல்லாம் குழாயடிக்கு வந்துவிடும், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம், உனக்கும் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாயே, உடனே உன் நீலப் போர்வையைக் கொண்டுபோய் அலசினேன். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுத் தனம் கோவளம் வரை பஸ்ஸில் போய் வஞ்சிரம் வாங்கி வந்தாள். நீ லீவு இல்லை என்றாய். மீனை நாங்களே தின்றோம். அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான்.

இந்த வருஷம் பார்க்கலாம்மா என்றுதான் சொன்னாய், எனக்கு மனசு கேட்கவில்லை, போன வாரம் மறுபடியும் போர்வையைத் தூக்கிக்கொண்டு போனேன். தனம் எல்லார் முன்னாலும், இன்னாக்கா, இந்த வருசமும் போர்வைக்கு மட்டும்தான் குளியலா என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொட்டச் சொட்ட வாளியில் அமுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலு நாள் குழாயடிப் பக்கமே போகாமல் துணியை மெஷினில்தான் போட்டேன். ஐந்தாம் நாள் அவளே வாசலில் வந்து நின்று, யக்கா, கோவம்னா நாலு வார்த்தை திட்டு, உன் கல்லு சும்மா கீது, யாரையும் தொவைக்க வுடாம பாத்துக்கினு கீறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டினேன், நன்றாகத்தான் திட்டினேன், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

ஜெரோம், உன்மேல் கோபமில்லை, உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வரமுடியாதென்றால் முடியாதென்றே சொல்லிவிடு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. தலைக்கு எண்ணெய் வை, வெளியில் கண்டதையும் வாங்கித் தின்னாதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், மாதா உனக்குத் துணையிருப்பாள். நீலப் போர்வை காய்ந்து பீரோவில் இருக்கிறது, டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ சொல்கிறவரை அதை நான் நனைக்கப் போவதில்லை. தனம் வேறு, மீனுக்குச் சொல்லட்டுமா என்று தினமும் கேட்கிறாள், அவளுக்கு நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
உன் அம்மா ரோஸி