உன் நிச்சயதார்த்தத்தில் நான் மூடிய வாய்

கையில் பன்னீர் சோடா வாடை. இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. இன்று காலை, நாம் இருவரும் சேர்ந்து குடியிருந்த அதே கேளம்பாக்கம் குடியிருப்பின் கேட்டருகே வாட்ச்மேன் வலிப்பு வந்து விழுந்தார். துணி தேய்க்கிறவர் சோடா பாட்டிலோடு ஓடிவந்தார். "வாயில ரெண்டு மடக்கு ஊத்துமா, தெளிஞ்சிடுவாரு." நான் பிடுங்கியதில் பாதி என் மேலேயே கொட்டியது.

உனக்கு வலிப்பு உண்டென்று சிறுசேரி ஆபீசில் யாருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும், நான் குடிவந்த முதல் வாரமே, ரசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல் சொல்லிவைத்தாய்: "வந்தா பயப்படாதடி. ஒருக்களிச்சுப் படுக்க வை, தலைக்கு அடியில துணி வை, மணியைப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அமுக்கிப் பிடிக்காத, வாயில ஒண்ணும் வைக்காத." நம் வீட்டில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் தெளிந்ததும் என் முகத்தைப் பார்த்து, "உனக்குத்தான் இப்ப காப்பி வேணும்" என்று சிரித்தாய்.

பிறகு செங்கல்பட்டு மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் சொல்லவில்லை என்று உன் அம்மா அன்றுதான் என்னிடம் சொன்னார். உன் கைப்பையிலிருந்த மாத்திரைகளை எடுத்து ஒளித்ததும் அவர்தான்; யாராவது பார்த்துவிடுவார்களாம். தட்டு மாற்றும் முன்பே நீ சரிந்தாய். உடனே சொந்தம் முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். உன் மாமா சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்து அழுத்தினார். ஓர் அத்தை பல்லிடுக்கில் கரண்டியை நுழைத்தார். யாரோ சோடாவை ஊற்றினார். மற்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். சீ, அந்த முகங்களை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் எல்லாரையும்விட எனக்கு என் மேல்தான் அருவருப்பு. அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "ஊத்தாதீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "சும்மா இரு. பழைய வியாதின்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்." விரதம் இருந்த மயக்கம் என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சோடா நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் டாக்டர். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் சாப்பாட்டில் அதே மாமா, "சாவி குடுத்தும் கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினார்.

இன்று நான் யாரையும் மதிக்கவில்லை. கத்தியே கூட்டத்தை விலக்கினேன். வாட்ச்மேனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கொடுத்து, மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வலிப்பு அடங்கியது. சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்தார். "இன்னாமா ஆச்சு? நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.

மூன்றே நிமிடம்தான் ஆனது, நீ சொன்னது அத்தனையும் செய்ய. அன்று உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.